மார்பளவு வீடு

செண்பகா நகர் ஏழாவது குறுக்குத் தெருவில் வீடுகள் இறங்க ஆரம்பித்தது ஒரு ஆடி மாதத்தில், அதுவும் பட்டப்பகலில், அதுவும் பூவராகன் வீட்டிலிருந்துதான் என்று அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பூவராகனும் ரொம்ப நாள் அந்தப் பெருமையை மறுக்கவில்லை, ஏனென்றால் எந்தப் பெருமையையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் அவர்.

தாம்பரத்துக்கு மேற்கே, முன்பு ஏரியாக இருந்து, அப்புறம் நெல்வயலாகி, அப்புறம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்ட மனைகளாகி, கடைசியில் பெயரில் மட்டும் செண்பகம் பூத்த நகர் அது. பம்பு செட் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பூவராகன் அங்கே மனை வாங்கி வீடு கட்டினார் என்று சொந்தபந்தம் பேசிக்கொள்ளும். மனையை வாங்கியது என்னவோ அவர் மனைவி தையல்நாயகியின் அட்டிகையும் வளையலும்தான். கூரை நின்றது அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்த பணத்தில். பத்திரம் அவர் பேரில் இருந்தது, நகை அவள் கழுத்தில் இல்லை. "எனக்குன்னு இருக்கிறது இந்த நாலு சுவருதாங்க, இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க" என்று புதுமனை புகுவிழா அன்றைக்கே அவள் சொன்னாள், அவரும் பெரிதாகத் தலையாட்டினார்.

பூவராகன் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கல்யாண வீட்டில் கொடுத்தால்தான். கடைக்குள் போனால் வெறுங்கையோடு வெளியே வரத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. பெரிய கடை வாசலில் தொப்பி போட்ட செக்யூரிட்டி ஒருத்தர் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார் பாருங்கள், அங்கேயே பூவராகன் பாதி கவிழ்ந்துவிடுவார். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒருத்தர்கூட எழுந்து நின்றதில்லை, ஆகவே சல்யூட் அடித்த மனுஷனை ஏமாற்றிவிட்டு எப்படிச் சும்மா திரும்புவது என்று அவர் மனசாட்சி குத்தும். உள்ளே போனால் ஏசி, ஏசிக்குக் கீழே ஒரு பெண், "சார் டேஸ்ட்டே தனி சார்" என்று அது ஒரு வார்த்தை. மீதிப் பாதியும் அங்கே கவிழும். திரும்பி வருகிற பஸ்ஸில் "அட மடப்பய பூவராகா, உனக்கெல்லாம் புத்தி எப்படா வரும்" என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டுவார். பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்காருவார். இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் "சரி, இதுதான் கடைசி" என்று தனக்குத் தானே மன்னிப்பும் கொடுத்துவிடுவார்.

அந்த ஆடியில் அவர் போனது மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம் வாங்க. வந்தது ட்ரெட்மில். வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடலாம், முதல் தவணை அடுத்த மாதம்தான், தள்ளுபடியோ பாதிக்குப் பாதி. ஓடாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. கூலிக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிவந்து அதன் முன்காலை வாசல்படிக்கு உள்ளே வைத்த அந்த நிமிஷம், விருந்து சாப்பிட்ட பெரிய மனுஷன் "அப்பாடா" என்று உட்காருகிற மாதிரி ஒரு சத்தம் அடிவாரத்திலிருந்து வந்தது, வீடு அப்படியே அலுங்காமல் இறங்கியது, ஏறிவரக் கட்டியிருந்த படிகள் மண்ணுக்குள் போய் வாசல் தெருவுக்குச் சமமாக நின்றது. அடுப்பில் சாம்பார் ஒரு தளும்பு தளும்பி அடங்க, நாயகி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, மறுபடியும் ரோட்டு மேல ரோடு போட்டுட்டானுங்களா?"

"வீடு கொஞ்சம் உக்காந்திருக்கு போல, நாயகி. புது வீடுன்னா அப்படித்தான்."

"பொண்ணு பத்தாவது படிக்கிறப்ப கட்டின வீடு, இன்னும் புதுசா?" என்று கேட்டுவிட்டு, ட்ரெட்மில்லைப் பார்த்துவிட்டு, அவள் ரப்பர் வளையம் எங்கே என்று கேட்டாள். அவர் மறந்துபோயிருந்தார்.

எதிர்வீட்டு லோகிதாசன் ட்ரெட்மில்லைப் பார்த்துவிட்டுப் போனார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினார், அவர் வீடு கணுக்கால் அளவு இறங்கியது. லோகிதாசன் வீட்டு டிவியைப் பார்த்த முனைவீட்டு அம்மாள் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினாள், அவள் வீடும் இறங்கியது. ஃபிரிட்ஜைப் பார்த்தவர் ஏசி வாங்க, ஏசியைப் பார்த்தவர் சோபா வாங்க, சோபாவைப் பார்த்தவர் அதைவிடப் பெரிய சோபா வாங்க, ஆவணி பிறப்பதற்குள் தெருவே உட்கார்ந்துவிட்டது. மாநகராட்சியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார், மண்ணைத் தோண்டினார், முகர்ந்தார், டீ குடித்தார். "மண்ணு மேல குத்தம் இல்ல. உங்க வீட்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு நான் கேக்கல, எங்க வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்களும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், அதற்கப்புறம் அரசாங்கம் அந்தப் பக்கம் வரவில்லை.

இதன் சூட்சுமம் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அரிசி மூட்டை வந்தால் வீடு இறங்காது, கேஸ் சிலிண்டர் வந்தால் இறங்காது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினால் இறங்காது, நாயகியின் சர்க்கரை மாத்திரை வந்தால் இறங்காது. கையில் இல்லாத காசில், அடுத்த வீட்டுக்காரன் கண்ணுக்காக ஒரு பொருள் வாசல்படியைத் தாண்டினால் மட்டும் இறங்கும். பள்ளத்திலிருந்து கழிவுத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வாங்கினார்கள், பாவம், அதற்குக்கூட இறங்கவில்லை. அந்த அளவுக்கு நியாயம் தெரிந்த வீடுகள்.

நம்ம ஜனங்களை என்னவென்று சொல்ல! வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், கோயிலுக்குப் பரிகாரம் செய்திருப்பார்கள். ஏழாவது குறுக்குத் தெருவில் இறங்கினதே அந்தஸ்து ஆகிவிட்டது. தெரு மட்டம் வீட்டின் எந்த உயரத்துக்கு வருகிறதோ அதை வைத்து ஆளைக் கூப்பிட்டார்கள்: கணுக்கால் வீடு, முழங்கால் வீடு, இடுப்பு வீடு. கல்யாணத் தரகர் "பையன் தங்கமான பையன், வீடு இடுப்பளவு" என்று சொன்னால் பெண் வீட்டில் காபிக்குப் பதில் டிபனே வரும். கொத்தனார்கள் ஏறுபடி கட்டுவதை விட்டுவிட்டு இறங்குபடி கட்டுவதில் கைதேர்ந்தார்கள். கடன் கொடுக்கும் கம்பெனிப் பையன்கள் டை கட்டிக்கொண்டு வந்து வாசலில் குனிந்து எட்டிப் பார்த்து, "முழங்காலா சார்? உங்க சம்பளத்துக்கு இடுப்பு வரைக்கும் தகுதி இருக்கு சார்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்கள்.

தெருவில் இறங்காத வீடு அற்புதராஜுடையது ஒன்றுதான். அவர் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள், எச்சில் கையால் காக்காய் விரட்டாத மனுஷன், அவ்வளவுதான். ஆனால் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், படியேறி உள்ளே போக வேண்டும் என்று தெரிந்ததும் "வீடு ரொம்ப மேல இருக்கே, என்ன கஷ்டமோ" என்று தெருவோடு திரும்பிப் போனார்கள். மூன்றாவது இடமும் திரும்பிப் போன பிறகு அவர் மனைவி ஒப்பாரி வைக்க, அற்புதராஜ் அழுதுகொண்டே போய் மீன் தொட்டியும் ஊஞ்சலும் தவணையில் வாங்கிவந்தார். வீடு கணுக்கால் இறங்கியது. பெண்ணுக்கு அந்த மாதமே நிச்சயமானது.

ட்ரெட்மில்லோடு நிற்காமல் இன்னும் சில சாமான்கள் வாங்கி, பூவராகன் அப்போது முழங்காலில் இருந்தார். ஆவணியில் ஒரு நாள், வீட்டையே துடைக்கும் ரோபோ ஒன்றை வாங்கப் போனவருக்கு, கடையில் கார்டு தேய்க்கும் மெஷினில் சிக்னல் இல்லை. தேய்த்தார்கள், துடைத்துத் தேய்த்தார்கள், மாடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு, செக்யூரிட்டியின் கண்ணைப் பார்க்காமல் தலைகுனிந்து வெளியே வந்தார். வீட்டுக்குள் கால் வைத்ததும் அடிவாரத்தில் ஒரு முனகல் கேட்டது, வீடு ஒரு விரற்கடை மேலே ஏறியது.

நாயகி கூடத்தில் நின்றவள் நின்றபடியே சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "ஏறுதுங்க" என்றாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. பூவராகனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அரைமணி நேரம்.

அதற்குள் தெரு வந்துவிட்டது. லோகிதாசன் ஆப்பிள் பையோடு வந்தார், முனைவீட்டு அம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள், இன்னொருவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குள் வருகிற மாதிரி கைகட்டிக்கொண்டு வந்தார்.

"சத்தம் கேட்டுச்சு சார். உங்க வீடு ஏறுதாமே? கம்பெனில எதுவும் பிரச்சனையா?" என்று கேட்டார் லோகிதாசன்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எங்ககிட்ட என்ன சார் மறைக்கிறது? எல்லாருக்கும் வர்றதுதான். தைரியமா இருங்க."

அவர்கள் போகும்வரை பூவராகன் சிரித்தபடி இருந்தார். போனதும் ஆப்பிளைப் பார்த்தார், ஹார்லிக்ஸைப் பார்த்தார், உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் சிக்னல் இருக்கிற கடையாகப் பார்த்துப் போய், ஆளையே விழுங்குகிற மாதிரி கறுப்புத் தோல் போட்ட மசாஜ் நாற்காலி ஒன்றை வாங்கி, தெருவில் எல்லாரும் இருக்கிற சாயங்கால நேரமாகப் பார்த்து இறக்கினார். வீடு இடுப்புக்குப் போனது. லோகிதாசன் வந்து கைகுலுக்கினார். அன்றிலிருந்து நாயகி அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். டூட்டிக்குப் போகும்போது முழங்காலில் கை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கி, அந்த வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பூவராகன் மசாஜ் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். அது அவர் முதுகில் குத்து குத்தென்று குத்தும். வேண்டும் இந்த முதுகுக்கு என்று நினைத்துக்கொள்வார்.

மழைக்காலம் நெருங்க நெருங்க அவருக்கும் பயம் வந்தது. மழை வந்தால் தெருத்தண்ணி வேறு எங்கே போகும்? ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார். அதற்கு ஒரு கடன். அதோடு விட்டாரா? "தூக்கறதே தூக்கறோம், வாசல்ல ரெண்டு கிரானைட் தூணு வச்சுட்டா எடுப்பா இருக்குமே" என்று அவருக்குள் ஒரு யோசனை எழுந்தது, கடன் கொஞ்சம் பெரிதானது. ஜாக்கிக்காரர்கள் வந்தார்கள், சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகினார்கள், "ஏலே ஏலோ" என்று தூக்கினார்கள், வீடு தெருமட்டத்துக்கு வந்து வெயிலில் மின்னியது, நாயகிகூட ஓரமாக நின்று பார்த்தாள். அப்போது பார்த்துத்தானா அந்தக் கிரானைட் தூண் வண்டி வர வேண்டும்? முதல் தூண் வாசல்படியில் சாய்ந்ததும் வீடு ஜாக்கிகளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு மார்பளவுக்கு இறங்கி உட்கார்ந்தது.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "சார், தூக்கறதுதான் எங்க வேலை. இறக்கறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு, முழுங்கின ஜாக்கிகளுக்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டு போனார். பூவராகன் செண்பகா நகரின் முதல் மார்பளவுக்காரர் ஆனார். நலச்சங்கத்தில் அவருக்குத் துணைத்தலைவர் பதவி கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதே.

இதற்கெல்லாம் முன்பே மகள் இந்துஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்திருந்தது, ஐப்பசியில் தலை தீபாவளி. மாப்பிள்ளை சத்தியசீலன் திண்டிவனத்துப் பையன், அதிர்ந்து பேசாதவன். அவன் அப்பா கலியபெருமாள் ஒருநாள் போனில், "சம்பந்தி, மாப்பிள்ளைக்கு மோதிரம் கீதிரம்னு சின்னதா செஞ்சு உங்க கௌரவத்தைக் குறைச்சுக்காதீங்க. பைக் வண்டியா குடுத்துடுங்க" என்றார். பூவராகன், "அதுக்கென்ன சம்பந்தி, சொல்லணுமா" என்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த நாயகி, மசாஜ் நாற்காலி வந்த நாளுக்குப் பிறகு முதல்முதலாகப் பேசினாள்.

"அந்த வண்டி இந்த வாசப்படி தாண்டினா வீடு கழுத்துக்குப் போயிரும். கழுத்துக்குப் போனா சாக்கடை உள்ள வரும், மழை உள்ள வரும், சுவரு நிக்காது. அப்புறம் எனக்குன்னு ஒண்ணும் இல்லீங்க. நான் ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே போய் இருந்துக்குறேன்." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனாலும் பூவராகன் கடைக்குப் போனார். போய், சல்யூட்டை வாங்கிக்கொண்டு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கா சார்? கொடுத்து வச்ச மாப்பிள்ளை சார்" என்பதையும் கேட்டுக்கொண்டு, தீபாவளி காலையில் வீட்டிலேயே டெலிவரி, கையெழுத்தும் வீட்டிலேயே என்று பேசிவிட்டு வந்தார். பஸ்ஸில் தன்னைத் திட்டக்கூட வார்த்தை வரவில்லை.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாமல் தண்ணீர் படி வழியாக இறங்கி உள்ளே வந்துகொண்டிருந்தது. கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது. வீட்டிலேயே காய்ந்த இடம் மசாஜ் நாற்காலி ஒன்றுதான் என்பதால் சம்பந்தி கலியபெருமாளை அதில் உட்கார்த்தி, மடியில் இட்லித் தட்டைக் கொடுத்திருந்தார்கள். நாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செம்பால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற, இந்துஜா புதுப்பட்டோடு வாளியைத் தூக்கிப் படியேறி ஊற்றிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல், அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

மேலே தெருவில் ஹாரன் சத்தம். மாலை போட்ட சிவப்பு வண்டி குட்டி லாரியிலிருந்து இறங்கியது. ஏழாவது குறுக்குத் தெரு குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றது. துணைத்தலைவர் வீடு கழுத்துக்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? பூவராகன் படியேறி மேலே வந்தார். கடைக்காரப் பையன் காகிதத்தை நீட்டினான்.

"ஹாப்பி தீபாவளி சார். ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா வண்டிய உள்ள இறக்கிடலாம்."

பேனாவை வாங்கியவர் எதேச்சையாகக் கீழே பார்த்தார். வாசல் வழியாக நாயகியின் குனிந்த முதுகு தெரிந்தது. மொண்டாள், ஊற்றினாள், மொண்டாள், ஊற்றினாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து மேலே அவரைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள். எப்படியாவது இந்த வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஆனால் கௌரவமாக அனுப்ப வேண்டும்.

"நான் கேட்ட கலர் இது இல்லையே" என்றார்.

"இதான் சார் கேட்டீங்க. வேணும்னா நீலம் இருக்கு, மத்தியானமே மாத்தித் தர்றோம்."

"இன்னைக்கு அமாவாசை வேற..."

"அமாவாசைல எடுத்தா ரொம்ப விசேஷம் சார்."

பொய் எல்லாவற்றுக்கும் பையனிடம் பதில் இருந்தது. அப்புறம் பூவராகன் அந்தத் தெருவில் அதுவரை யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை, தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

"எங்கிட்ட காசு இல்லப்பா."

மழைச் சத்தம், எங்கோ ஒரு சரவெடி. "என்ன சார்? கேக்கல சார்!" என்று பையன் காதைக் காட்டினான். முதல் தடவை சொன்னதற்கே உயிர் போய் உயிர் வந்தது, இதில் இரண்டாவது தடவை, அதுவும் கத்திச் சொல்ல வேண்டும். விதியே என்று பூவராகன் கத்தினார்.

"காசு இல்லப்பா எங்கிட்ட! இந்த வண்டிக்கு இல்ல! உள்ள இருக்கிற நாற்காலிக்கு இல்ல, ஓடுற மெஷினுக்கு இல்ல, வாசல்ல நிக்கிற தூணுக்கு இல்ல! ஒண்ணுத்துக்கும் இல்ல! இருக்கிற மாதிரி நடிச்சேன். போதுமா? வண்டிய எடுத்துட்டுப் போ!"

சரவெடி முடிந்துபோயிருந்ததால் கடைசி வரி தெருக்கோடி வரைக்கும் கேட்டது. குடைகள் ஒன்றும் அசையவில்லை. லோகிதாசன் வேறு எங்கேயோ பார்த்தார். அப்போது அடிவாரத்தில் நீளமான ஒரு முனகல் எழுந்தது. படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மடங்க, சுவர்கள் தண்ணீரை உதறிக்கொண்டு மேலே வர, உள்ளே வந்த மழையெல்லாம் திரும்பி வாசல் வழியாகத் தெருவுக்கே வழிந்து போக, வீடு மார்பிலிருந்து இடுப்புக்கு ஏறி நின்றது. கூடத்தில் மசாஜ் நாற்காலி தானாக ஓட ஆரம்பித்து, கலியபெருமாள் குலுங்கிக்கொண்டே, "சம்பந்தி, சம்பந்தி! உங்க வீடு ஏறுதே! ஐயையோ, என்ன ஆச்சு சம்பந்தி!" என்று இட்லியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறினார்.

மாப்பிள்ளை நனைந்துகொண்டே மேலே வந்தான். பூவராகன் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், "மன்னிச்சிடுங்க மாப்ள" என்றார்.

"மாமா, நான் வண்டியே கேக்கல மாமா. எனக்கு ஆபீஸ் பஸ்ஸு வீட்டு வாசல்ல வருது. மார்பளவு வீட்டுக்காரர்கிட்ட போய் ஒண்ணும் வேணாம்னு சொன்னா அவரைக் கேவலப்படுத்துற மாதிரி ஆயிடும்னு எங்கப்பாதான்..." அவன் குரலைத் தாழ்த்தினான். "திண்டிவனத்துல எங்க வீடும் இடுப்பு வரைக்கும் போயிருச்சு மாமா. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்கு ஏசி போட்டோம்ல, அப்ப போனது."

பூவராகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தான். மாமனாரும் மருமகனும் கொட்டுகிற மழையில் வெட்கமில்லாமல் சிரிப்பதைப் பார்த்துத் தெரு பயந்து வீட்டுக்குள் போனது.

மறுநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மலை மாதிரி வந்து குவிந்தன. நலச்சங்கம் துணைத்தலைவர் பதவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வந்தவர்கள் கைகட்டி நின்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள், ஆனால் சிலர் மட்டும் எல்லாரும் போகும்வரை செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலிலேயே நின்று, பக்கத்தில் வந்து, "அந்த வார்த்தைய எப்படி சார் வாய் விட்டுச் சொன்னீங்க? பல்லு கூசலையா?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். "கூசுச்சு. இப்பவும் கூசுது" என்றார் பூவராகன். பெரிய உபதேசம் எதுவும் அவரிடம் இல்லை.

வீடும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை, அவரும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ட்ரெட்மில்லை விற்கப் போனால் காயலான் கடைக்காரர் இரும்பு விலைக்குத்தான் கேட்டார், கொடுத்தார். ஒரு தவணை முடிந்தால் ஒரு முனகல், ஒரு விரற்கடை. கார்டை அரிசி டப்பாவின் அடியில் நாயகி புதைத்து வைத்தாள். சோறு வடிக்கும்போதெல்லாம் அவருக்கு அது ஞாபகம் வந்து தொலைத்தது. கார்த்திகையில் ஒருநாள் தாங்க முடியாமல் தீபம் காட்டுகிற எலக்ட்ரிக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கிவந்து, வாசலில் நின்று, வீட்டைப் பார்த்து, உள்ளே வைக்கத் துணிச்சல் வராமல், பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். செக்யூரிட்டி அதற்கும் சல்யூட் அடித்தார். அந்த மனுஷன் எல்லாருக்கும் அடிக்கிறார், வாங்குகிறவர்கள் வாங்காதவர்கள் என்று பார்ப்பதில்லை என்பதே பூவராகனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் இது தெரியாமல் எத்தனை சாமான் வாங்கித் தொலைத்தோம் என்று நினைத்து வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

பொங்கலுக்கு வீடு முழங்காலுக்கு வந்தது. மாசி மாதத்தில் ஒரு காலை, டூட்டி முடிந்து பையும் தோளுமாக வந்த நாயகி, வாசலில் வழக்கம்போல முழங்காலில் கை ஊன்றிப் படி இறங்கக் காலை நீட்டினாள். அங்கே படி இல்லை, கால் தரையில் தட்டிற்று. வீடு தெருவுக்குச் சமமாக நின்றிருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பூவராகன் வெளியே வந்து, தெருவில் அவளுக்கு எதிரில் நின்றார்.

"என்ன நாயகி, மயக்கம் கியக்கமா?"

"ஒண்ணுமில்லங்க. சும்மா உக்காந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் டிபன் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். அப்புறம், "தீபாவளிக்கு உனக்கு ஒரு புடவைகூட எடுத்துக் குடுக்கல. பொங்கலுக்கும் இல்ல. இந்த வருஷம் பூரா உனக்குன்னு நான் ஒண்ணுமே வாங்கிக் குடுக்கல" என்றார்.

"ஏன், குடுத்தீங்களே" என்றாள் நாயகி.

"என்னத்த?"

அவள் பக்கத்திலிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இத."

அழுகை வந்தால் மறைப்பதற்குப் பூவராகனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், விறுவிறுவென்று கடைக்குப் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வருவது. அன்றைக்கு அதற்கு வழியில்லாததால், வேலைக்குப் போட்ட இஸ்திரிச் சட்டையோடு, பால்காரர் பார்க்க, லோகிதாசன் பார்க்க, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.